ஆரோலேப்: மதுரையில் கண் லென்ஸும் சொட்டு மருந்தும் செய்யும் குடும்பத்தின் கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வருகிறவர்களும், அவர்களைக் கைபிடித்துக் கூட்டி வரும் மகன்களும் மருமகள்களும் மருந்துச் சீட்டை நீட்டும்போதே கேள்வியையும் நீட்டுவார்கள். "இந்த லென்ஸ் நம்ம மதுரையிலேயே செய்யறாங்களாமே?" என்று தொடங்கும், "அது அந்தக் குடும்பத்தோட சொந்தக் கம்பெனிதானே?" என்பதில் போய் நிற்கும். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறவன் இல்லை, அவர்களோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

ஆரோலேப் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவு. 1992-ல் தொடங்கினார்கள். புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ்தான் முதல் சரக்கு. அப்புறம் தையல் நூல், கத்தி, சொட்டு மருந்து, ஆபரேஷன் சமயத்தில் கண்ணுக்குள் செலுத்துகிற திரவங்கள் என்று வளர்ந்தது. இப்போது சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து சரக்கு போகிறது.

குடும்பக் கம்பெனி என்கிறார்களே, அப்படியென்றால் லாபம் யாருக்கு?

ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். குடும்பம் நடத்துகிறது என்பது உண்மை. குடும்பத்துக்குச் சொந்தம் என்பது உண்மை இல்லை. இது அறக்கட்டளை. பங்கு கிடையாது, பங்காளியும் கிடையாது. மிஞ்சுகிற பணம் மறுபடி மெஷினுக்கும் கட்டடத்துக்கும் ஆராய்ச்சிக்கும்தான் போகும். தாத்தா ஆரம்பித்தார் என்பதற்காகப் பேரன் பாகம் பிரித்துக் கேட்க முடியாது. வேண்டுமானால் படித்துவிட்டு வந்து அங்கே வேலைக்குச் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் மூன்று தலைமுறையில், மருத்துவமனையும் சேர்த்து, முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

நம்ம ஊரில் குடும்பத் தொழில் என்றால் அண்ணன் கடை ஒன்று, தம்பி கடை ஒன்று, நடுவில் ஒரு சுவரும் கோர்ட் கேஸும் என்றுதான் பார்த்துப் பழகியிருக்கிறோம். இங்கே பிரித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் சண்டைக்கும் பெரிய காரணம் இல்லாமல் போயிருக்கலாம். இது என் ஊகம்தான்.

அந்தக் குடும்பத்தில் யார் யார்?

மூத்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி, எல்லோரும் டாக்டர் வி என்பார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, இருவரும் கண் மருத்துவர்கள். நம்பெருமாள்சாமியின் தங்கை டாக்டர் விஜயலட்சுமியும் அவர் கணவர் டாக்டர் எம். சீனிவாசனும் அப்படியே. டாக்டர் வியின் தம்பி ஜி. சீனிவாசன் இன்ஜினியர். கட்டடமும் கணக்கும் அவர் பொறுப்பு, ஒரு ரூபாயில் இரண்டு ரூபாய் வேலையை முடிக்கத் தெரிந்தவர் என்று பெயர். (இரண்டு சீனிவாசன்கள் இருப்பதால் பேப்பர்காரர்களே குழம்புவார்கள்.) கல்கத்தா ஐஐஎம்மில் படித்த துளசிராஜ் நிர்வாகப் பக்கம் வந்தார். ஆரோலேப்பைக் கட்டி நிறுத்தியதில் முன்னால் நின்றவர் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய இன்ஜினியர் பி. பாலகிருஷ்ணன்.

தங்கை, மைத்துனர், மைத்துனரின் தங்கை, அந்தத் தங்கையின் கணவர். இந்த உறவு முறையைப் பார்த்தாலே ஒன்று புரியும். ஆரம்பத்தில் வெளி ஆள் யாரையும் வைத்துச் சம்பளம் கொடுக்க வழி இல்லை, வீட்டு ஆட்களால்தான் அது ஓடியது.

டாக்டர் வி மருந்துக் கம்பெனி முதலாளி மாதிரி தெரியவில்லையே, அவர் கதை என்ன?

முதலாளியே இல்லை அவர். 1918 அக்டோபர் 1-ம் தேதி எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, அப்புறம் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம், 1944-ல் முடித்தார். சொந்தக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது கைவிரல்கள் கோணிப் போயிருந்தன. அந்தக் கையை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது.

கண் ஆபரேஷன் மட்டும் எப்படி முடியும் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. கண் அறுவைக்குப் பலம் வேண்டாம், சின்ன அசைவுகள் போதும். அதற்கேற்ற மாதிரி கருவிகளைப் பிடிக்கப் பழகி, அந்தக் கோணல் விரல்களாலேயே வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண்களுக்கு ஆபரேஷன் செய்தார். மதுரை அரசு எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் (இப்போதைய ராஜாஜி ஆஸ்பத்திரி) கண் பிரிவுத் தலைவராக இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர். 1973-ல் பத்மஸ்ரீ.

அரசு வேலையில் ஓய்வு பெற்றபோது வயது 58. பென்ஷனை வாங்கிக்கொண்டு ஈஸிசேரில் சாயாமல், 1976-ல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். பேங்க் கடன் கிடைக்கவில்லை. வீடு அடமானத்துக்குப் போனது, வீட்டுப் பெண்களின் நகைகளும் போயின. 2006 ஜூலையில் காலமானார்.

மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்துத்தான் ஐடியா வந்ததாமே, கட்டுக்கதையா?

இல்லை, அவரே பல இடங்களில் சொன்னது. பர்கரில் அவருக்கு ஒன்றும் ஆசை இல்லை. எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரே தரத்தில், ஏராளமாக, குறைந்த விலையில் ஒரு பொருள் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் அவரைப் பிடித்த விஷயம். அதே ஒழுங்கைக் கண் ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தார். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் முடித்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். வெட்டி நேரமே கிடையாது.

சரி, ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் ஏன் லென்ஸ் செய்யப் போனார்கள்? வாங்கிவிட்டுப் போகலாமே?

இதற்கு எங்கள் அப்பத்தாவின் கதையைத்தான் சொல்வேன். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு முகாமில் அவருக்குப் புரை எடுத்தார்கள். அப்போது லென்ஸ் வைக்கிற பழக்கம் பரவவில்லை. கண்ணில் இருந்த சொந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் சோடா புட்டி மாதிரி ஒரு கண்ணாடியை மூக்கில் மாட்டி அனுப்புவார்கள். பிளஸ் 10 பவர். அதில் பார்த்தால் எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். ஓரத்தில் ஒரு வளையம் மாதிரி எதுவுமே தெரியாது, அங்கிருந்து ஆள் திடீரென்று குதித்து முன்னால் வந்த மாதிரி இருக்கும். அப்பத்தா திண்ணையிலிருந்து கால் வைக்கும்போது படி பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்குவார். ஒரு நாள் கிணற்றடியில் கண்ணாடி விழுந்து உடைந்தது. புதுசு வாங்கித் தர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் ஆபரேஷனுக்கு முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. ஆனால் எண்பதுகளில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலருக்கு மேல். காசு கொடுக்கிற நோயாளிக்கு லென்ஸ், இலவச நோயாளிக்குச் சோடா புட்டி என்று ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு நியாயம் உண்டானது. நன்கொடையாக லென்ஸ் வரும், ஆனால் நமக்கு வேண்டிய பவரில் வரும் என்று யார் சொன்னது? தானமாக வந்த சட்டை மாதிரிதான், அளவு பார்த்துக் கேட்க முடியாது. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் எல்லாம் எதற்கு, கண்ணாடி போதும் என்று நினைத்த வெளிநாட்டு நிபுணர்களும் நிறைய பேர். விலையைக் காரணம் காட்டித்தான் அப்படிச் சொன்னார்கள். விலைதான் பிரச்சினை என்றால் நாமே செய்துவிட்டால் என்ன என்று இவர்கள் யோசித்தார்கள்.

கண்ணுக்குள் பிளாஸ்டிக் வைக்கலாம் என்று யார் கண்டுபிடித்தது?

ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் காக்பிட் கூரையின் உடைந்த துணுக்குகள் போய்த் தங்கிவிட்டன. கண்ணாடித் துண்டு போனால் கண் வீங்கிச் சிவந்துவிடும், ஆனால் அந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் துணுக்கைக் கண் பேசாமல் ஏற்றுக்கொண்டது. அதைக் கவனித்த ரிட்லி அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ம் தேதி செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக ஒரு கண்ணில் வைத்தார். கண்ணுக்குள்ளிருந்து வேண்டாததை வெளியே எடுப்பதுதான் கண் டாக்டர் வேலை, இவர் உள்ளே வைக்கிறாரே என்று சக டாக்டர்கள் வருடக்கணக்கில் திட்டினார்கள். கடைசியில் 2000-ல் சர் பட்டம் கொடுத்தார்கள்.

1992-ல் எப்படித் தொடங்கினார்கள்? பணம், டெக்னாலஜி எல்லாம் யார் கொடுத்தது?

அமெரிக்காவில் சேவா ஃபவுண்டேஷன் என்று ஒரு தொண்டு அமைப்பு உண்டு, 1978-ல் தொடங்கியது. பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்த லாரி பிரில்லியன்ட் அதன் நிறுவனர்களில் ஒருவர். டாக்டர் விக்கும் அவர்களுக்கும் ஆரம்பம் முதலே பழக்கம். லென்ஸ் வைக்கும் ஆபரேஷனை இங்குள்ள டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்க அங்கிருந்து ஆள் வந்தார்கள். சேவாவோடு இருந்த டேவிட் கிரீன் என்பவர்தான் லென்ஸ்களை நன்கொடையாக வாங்கிக்கொண்டே இருக்க முடியாது, ஃபேக்டரி போடலாம் என்று அலைந்தவர். பெரிய கம்பெனிகள் கதவைத் திறக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு சின்ன லென்ஸ் கம்பெனியிடம் காசு கொடுத்துத் தொழில்நுட்பத்தை வாங்கி வந்தார்கள்.

நூறு டாலருக்கு மேல் விற்ற பொருள் சீக்கிரமே பத்து டாலருக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது.

இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் தரம் எப்படி இருக்கும்?

கவுண்டரில் தினமும் கேட்பது இது. மலிவு என்றால் மட்டம் என்று நம் மனசில் பதிந்திருக்கிறது. புடவைக்கு அது சரியாக இருக்கலாம். ஐரோப்பாவில் விற்பதற்கு வேண்டிய சிஇ முத்திரை இந்த லென்ஸ்களுக்கு உண்டு.

விலை குறைந்ததற்கு என் புத்திக்கு எட்டிய காரணம் வேறு. ஒரு லென்ஸுக்குப் போகிற பிளாஸ்டிக் ரொம்பக் கொஞ்சம், மூலப்பொருள் செலவு சொற்பம். செலவெல்லாம் மெஷினுக்கும் சுத்த அறைக்கும் ஆளுக்கும்தான். அந்தச் செலவைப் பத்தாயிரம் லென்ஸ் மேல் போட்டால் ஒரு விலை, பத்து லட்சம் லென்ஸ் மேல் போட்டால் வேறு விலை. சாதாரணக் கம்பெனிக்கு முதல் நாள் அவ்வளவு வாடிக்கையாளர் கிடையாது. இவர்களுக்கு முதல் நாளே ஒரு வாடிக்கையாளர் தயாராக இருந்தார், அதுவும் சொந்த வீட்டுக்குள்ளேயே. அண்ணா நகர் மருத்துவமனைக்கு வருகிற ஆயிரக்கணக்கான முகாம் நோயாளிகள்தான் அந்த வாடிக்கையாளர். டாக்டர்களுக்குச் சிங்கப்பூர் டூர் இல்லை, பங்குதாரருக்கு டிவிடெண்ட் இல்லை. இவ்வளவையும் கழித்தால் லென்ஸின் நிஜ விலை எவ்வளவு குறைவு என்று தெரியும்.

இன்னொன்று. லென்ஸ் சரியில்லை என்றால் புகார் கொடுக்கப் போகிற டாக்டர் அக்காவாகவோ மைத்துனராகவோ இருப்பார். சாயந்திரம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். இதை விடப் பெரிய தரக் கட்டுப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

லென்ஸை எப்படிச் செய்கிறார்கள்?

மடக்க முடியாத கெட்டி லென்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அக்ரிலிக் பிளாஸ்டிக்கைச் சின்ன வில்லையாக வெட்டி, கம்ப்யூட்டர் ஓட்டும் லேத்தில் வைத்து வளைவு கடைவார்கள். நடுப்பகுதி சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், ஒரு பச்சைப் பயறு அளவு. இரண்டு பக்கமும் மயிரிழை மாதிரி வளைந்த கைகள், அவைதான் கண்ணுக்குள் பிடித்து நிற்கும். கடைந்ததும் ஓரம் கூர்மையாக இருக்கும், அப்படியே வைத்தால் கண் திசுவைக் கிழிக்கும். அதனால் பொடி மணிகள் போட்ட ஜாடியில் நாள் கணக்கில் உருட்டி உருட்டி மழமழப்பாக்குவார்கள். ஆற்றுக் கூழாங்கல் ஆவது மாதிரிதான். அப்புறம் கழுவி, ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பவர் அளந்து, பாக்கெட்டில் அடைத்து, வாயு செலுத்திக் கிருமி நீக்கம்.

இந்த வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். பள்ளிக்கூடம் முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கோ மில்லுக்கோ போயிருக்க வேண்டிய பெண், தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடையில் லென்ஸில் கீறல் தேடிக்கொண்டிருப்பார்.

மடக்கி வைக்கிற லென்ஸ்களும் இப்போது அங்கே தயாராகின்றன. அதற்குக் கண்ணில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போதும். கெட்டி லென்ஸுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆனால் அதிலும் தையல் போடாமல் தானே மூடிக்கொள்கிற மாதிரி வெட்டுகிற முறை உண்டு, முகாம் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் அதுதான்.

மருந்துப் பக்கம் உருப்படியாக என்ன செய்திருக்கிறார்கள்?

மருந்துக்கடைக்காரனாக எனக்குப் பிடித்தது ஆரோமாக்ஸ். புரை ஆபரேஷனில் டாக்டர்கள் ரொம்பப் பயப்படுவது கண்ணுக்குள் சீழ் பிடிப்பதற்கு. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தால் பார்வை போகலாம். ஆபரேஷன் முடிகிற நேரத்தில் மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரு துளி அளவுக்குக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் தடுக்கலாம் என்பது யோசனை. கண்ணுக்கு வெளியே விடுகிற சொட்டு மருந்தை உள்ளே ஊசியில் ஏற்றுவதில் பல டாக்டர்களுக்குத் தயக்கம். உள்ளே செலுத்துவதற்கென்றே தனியாக, கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாமல், சின்னக் குப்பியில் ஆரோலேப் கொண்டுவந்ததுதான் ஆரோமாக்ஸ்.

பலித்ததா? அரவிந்த் மருத்துவமனைகளின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் பதிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாதவர்களில் சீழ் பிடித்தது 0.07 சதவீதம், செலுத்தியவர்களில் 0.02 சதவீதம். ஆளாக எண்ணினால், ஏறக்குறைய மூன்று லட்சம் பேரில் 214 பேர், இன்னொரு மூன்று லட்சம் பேரில் 64 பேர். நடுவில் இருக்கிற 150 பேருக்குத் தாங்கள் தப்பித்தது தெரியவே தெரியாது.

கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய்க்கும் ஒன்று இருக்கிறது. மருந்தில் அடங்காத அழுத்தத்துக்குக் கண்ணுக்குள் ஒரு சின்ன வடிகால் குழாய் பொருத்துவார்கள். வெளிநாட்டுக் குழாய் விலையில் பலர் ஆபரேஷனையே கைவிடுவார்கள். 2013-ல் ஆரோலேப் சிலிகானில் அதே மாதிரி ஒன்றை ரொம்பக் குறைந்த விலையில் கொண்டுவந்தது.

வயலில் வேலை செய்யும்போது கண்ணில் நெல் பட்டு வருகிற புண்ணுக்கு மருந்து இவர்களிடம் உண்டா?

கருவிழிப் புண். எங்கள் பக்கத்தில் அறுப்பு சீசன் வந்தால் இதுவும் வரும். 1994-ல் மூன்று மாதத்தில் மதுரை அரவிந்துக்கு இப்படிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருக்கிறது, பரிசோதனையில் கிருமி தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. பாக்டீரியாவுக்குக் கொடுக்கிற மருந்து பூஞ்சையிடம் செல்லாது.

இதற்கு நேட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்தும் உண்டு, வொரிகோனசோல் என்ற புதிய மருந்தும் உண்டு. எது மேல் என்று பார்க்க அரவிந்தும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 323 பேரை வைத்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். வொரிகோனசோல் ஊசித் தூளைச் சொட்டு மருந்தாகக் கரைத்துக் கொடுத்தது ஆரோலேப். 2013-ல் முடிவு வந்தது. ஜெயித்தது பழைய நேட்டாமைசின். தங்கள் கையால் கலக்கிய மருந்து தோற்றது என்று தாங்களே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். விற்பனையை மட்டும் பார்க்கிற இடமாக இருந்தால் அந்தப் பேப்பர் இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கும். 2017-ல் நேட்டாமைசின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது.

தயவு செய்து ஒன்று. கண் சிவந்திருக்கிறது என்று என்னிடமோ வேறு கடையிலோ வந்து "போன தடவை போட்ட சொட்டு கொடுங்க" என்று கேட்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, உங்கள் கண்ணில் பூஞ்சை இருந்தால், நெருப்பில் நெய் ஊற்றின கதைதான். தாய்ப்பால், இலைச்சாறு விடுவதும் வேண்டாம்.

பெயரில் ஆரோ இருக்கிறதே, ஆரோவில்லுக்கும் இதற்கும் சம்பந்தமா?

பெயர் மட்டும்தான். டாக்டர் வி ஸ்ரீ அரவிந்தரிடம் ஆழ்ந்த பக்தி உள்ளவர், புதுச்சேரி ஆசிரமத்து அன்னையிடமும். மருத்துவமனைக்கு அரவிந்த் பெயர், தயாரிப்புக்கு ஆரோ. புதுச்சேரிப் பக்கத்து ஆரோவில் நகரம் வேறு, நிர்வாகமும் வேறு.

2023-ல் அமெரிக்காவில் சொட்டு மருந்து போட்டுப் பார்வை போனதே, சென்னைப் பக்கம் தயாரானதாமே. அது இவர்களா?

இல்லை. அது முற்றிலும் வேறு கம்பெனி. ஒரு பாக்டீரியா கலந்த செயற்கைக் கண்ணீர் அது. 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், 4 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டிலைத் திருப்பி ஊர்ப் பெயரைப் படித்தார்கள். படிக்க வேண்டியதுதான், நல்ல பழக்கம். பேட்ச் நம்பரையும் காலாவதித் தேதியையும் சேர்த்துப் படித்தால் இன்னும் நல்லது.

லென்ஸ் விலை இவ்வளவு குறைவு என்றால் ஆபரேஷனுக்கு ஏன் பல்லாயிரம் கேட்கிறார்கள்?

லென்ஸ் விலை வேறு, பேக்கேஜ் விலை வேறு. பேக்கேஜில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், மெஷின், ரூம், வெளிநாட்டு லென்ஸ் என்றால் அதன் பிராண்டு எல்லாம் அடக்கம். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் "எந்த லென்ஸ், எந்த கம்பெனி, அதற்கு மட்டும் எவ்வளவு" என்று தனியாகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற இடத்தில் நான் ஆபரேஷன் செய்துகொள்ள மாட்டேன். ஆரோலேப் லென்ஸ் அரவிந்தில் மட்டும்தான் என்று இல்லை, வேறு தனியார் டாக்டர்களும் தொண்டு ஆஸ்பத்திரிகளும் வாங்கி வைக்கிறார்கள். இவர்கள் விலையைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் சாதாரண லென்ஸ் விலையை இறக்க வேண்டி வந்தது, அது வேறு கதை.

குடும்பத்திலேயே எல்லாப் பதவியும் இருப்பது நல்லதா?

சிக்கலான கேள்விதான். வெளியிலிருந்து வந்து இருபது வருடம் உழைக்கிறவருக்கு, உச்சிக்கு நாம் போக முடியுமா என்ற சந்தேகம் எந்தக் குடும்ப நிறுவனத்திலும் வரும், இங்கே வராது என்று சொல்ல நான் யார். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மாதம் ஒரு தலைமை அதிகாரி மாறுகிற கம்பெனி, பத்து வருடம் கழித்துப் பலன் தருகிற காரியத்தில் கை வைக்காது. லென்ஸ் ஃபேக்டரி போட்டவர்கள் அதை ஓட்டிக் காட்டும்வரை அங்கேயே இருந்தார்கள். இரண்டையும் தராசில் வைத்தால் என் கை இரண்டாவது தட்டுப் பக்கம் சாய்கிறது. சாயாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்தை எப்படிப் போடுவது?

எந்தக் கம்பெனி மருந்தானாலும் ஒரே முறைதான். கையைக் கழுவுங்கள். கீழ் இமையை லேசாக இழுத்து அந்தப் பையில் ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற ஸ்டீராய்டு சொட்டைக் குலுக்கிவிட்டுப் போட வேண்டும், குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தானமும் செய்யாதீர்கள்.

எனக்கு வைத்தது எந்த லென்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். லென்ஸ் பாக்கெட்டிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒன்றை அதில் ஒட்டியிருப்பார்கள். கம்பெனி பெயர், மாடல், பவர் (21.0, 22.5 என்று இருக்கும்), சீரியல் நம்பர் நான்கும் அதில் இருக்கும். அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் வரும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். போன வாரம் ஒரு பெரியவர் அந்தச் சீட்டையே மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்திருந்தார். சுண்ணாம்பு பட்டுப் பவர் அழிந்துபோய், சீரியல் நம்பரில் கடைசி நாலு எண் மட்டும் மிச்சம் இருந்தது. போனில் ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பி வையுங்கள் என்று சொன்னேன்.